வேலை பார்த்துக்கொண்டே நர்சிங் அசோசியேட் ஆக: இங்கிலாந்தின் அப்ரண்டிஸ்ஷிப் பாதை

இங்கிலாந்தில் ஹெல்த்கேர் அசிஸ்டென்டாக வேலை செய்பவர்களில் பலர் வருடக்கணக்கில் அதே இடத்தில் நின்றுவிடுகிறார்கள். வேலை தெரியாததால் அல்ல, சம்பளத்தை விட்டுவிட்டுப் பல்கலைக்கழகம் போக முடியாததால்தான். நர்சிங் அசோசியேட் அப்ரண்டிஸ்ஷிப் அவர்களுக்கென்றே அமைந்த வழி. மாதச் சம்பளம் வந்துகொண்டிருக்கும், படிப்புக் கட்டணம் உங்கள் கையிலிருந்து போகாது, முடிவில் ஃபவுண்டேஷன் டிகிரியும் (முழு டிகிரிக்கு முந்தைய பட்டம்), நர்ஸ்களைப் பதிவுசெய்யும் அமைப்பான என்.எம்.சி.யில் (நர்சிங் அண்ட் மிட்வைஃபரி கவுன்சில்) பதிவுக்கான தகுதியும் கிடைக்கும். ஆனால் வேலையும் படிப்பும் ஒரே வாரத்தில் நெருக்கியடிக்கும். இந்தப் பயிற்சியில் தடுமாறுபவர்களில் பலரும் பாடம் புரியாமல் தடுமாறுவதில்லை. படிக்க ஒதுக்கிய நேரத்தை வார்டு விழுங்கிவிடுவதுதான் காரணம். அதனால் இந்தக் கட்டுரை அந்த நேரத்தைக் காப்பாற்றுவது பற்றியே அதிகம் பேசும்.

இந்தப் பதவி எங்கே நிற்கிறது

ஹெல்த்கேர் அசிஸ்டென்டுக்கும் பதிவுபெற்ற நர்ஸுக்கும் நடுவில் இருக்கும் படி இது. 2017இல் சோதனை முறையில் முதல் பயிற்சிக் குழுக்கள் தொடங்கின. 2019 ஜனவரியில் என்.எம்.சி., நர்சிங் அசோசியேட்டுகளுக்கான பதிவேட்டைத் திறந்தது. அந்தப் பதிவேட்டில் பெயர் இல்லாதவர் இந்தப் பட்டத்தைப் போட்டுக்கொள்வது சட்டப்படி குற்றம்.

வேறுபாட்டை எளிதாகச் சொன்னால், நோயாளியின் நிலையை முழுமையாக மதிப்பிட்டுப் பராமரிப்பைத் திட்டமிடும் பொறுப்பு நர்ஸுக்கு. அந்தத் திட்டப்படி பராமரிப்பைக் கொடுத்து, மாற்றங்களைக் கண்காணித்து, சரியான நேரத்தில் மேலே தெரிவிக்கும் பொறுப்பு நர்சிங் அசோசியேட்டுக்கு. வாய்வழி மருந்து, இன்ஹேலர், தோலடி ஊசி, தசை ஊசி, உணவுக் குழாய் வழியாகக் கொடுக்கும் மருந்து ஆகியவை என்.எம்.சி. வகுத்த திறன்களில் உண்டு. ரத்தக்குழாய் வழியாகக் கொடுக்கும் (ஐ.வி.) மருந்து அடிப்படைப் பயிற்சியில் சேராது. என்.எச்.எஸ். எனப்படும் அரசு மருத்துவச் சேவையின் சம்பளப் படிநிலையில் தகுதி பெற்றவர் பேண்ட் 4, நர்ஸ் பேண்ட் 5. பயிற்சிக் காலத்தில் என்.எச்.எஸ்.இல் பெரும்பாலும் பேண்ட் 3 தருவார்கள். ஜி.பி. எனப்படும் குடும்ப மருத்துவர் கிளினிக்குகளும் தனியார் முதியோர் இல்லங்களும் தங்கள் விருப்பப்படி சம்பளம் வைக்கும் என்பதால் எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

முதலில், இது உங்களுக்கான கதவுதானா?

இதை முன்கூட்டியே பார்த்துவிட்டால் பல மாத அலைச்சல் மிச்சம்.

இங்கிலாந்தின் அப்ரண்டிஸ்ஷிப்புக்கு அரசு நிதி கிடைக்க, வேலை செய்யும் உரிமை வேண்டும். வேலை நேரத்தில் பாதியாவது இங்கிலாந்துக்குள் இருக்க வேண்டும். அதோடு, குடியேறி வந்த பலருக்கு பிரிட்டனில் மூன்று ஆண்டுகள் சட்டப்படி வசித்திருக்க வேண்டும் என்ற நிபந்தனையும் உண்டு. அகதி அந்தஸ்து பெற்றவர்களுக்கு இந்த மூன்றாண்டு விதி பொருந்தாது. ஸ்டூடன்ட் விசாவில் இருப்பவர் அப்ரண்டிஸ்ஷிப்பில் சேர முடியாது. உங்கள் விசா எந்த வகையில் வருகிறது என்பதை விண்ணப்பிக்கும் முன்பே அந்த நிறுவனத்தின் அப்ரண்டிஸ்ஷிப் பிரிவிடம் கேளுங்கள்.

சென்னையிலோ யாழ்ப்பாணத்திலோ யாராவது பணம் வாங்கிக்கொண்டு 'லண்டனில் நர்சிங் அசோசியேட் அப்ரண்டிஸ்ஷிப் வாங்கித் தருகிறேன்' என்று சொன்னால் நம்ப வேண்டாம். இது விசாவுக்கான வழி அல்ல. ஏற்கனவே இங்கே வாழ்ந்து வேலை செய்பவர்களுக்கான பயிற்சி.

ஊரில் பி.எஸ்ஸி. நர்சிங்கோ ஜி.என்.எம்.மோ முடித்துப் பதிவுபெற்ற நர்ஸாக இருந்தவர்கள், இந்தப் பாதைக்கு வரும் முன் என்.எம்.சி.யின் வெளிநாட்டு நர்ஸ் பாதையைப் பாருங்கள். கணினித் தேர்வு, ஆஸ்கி எனப்படும் செய்முறைத் தேர்வு, ஆங்கிலத்துக்கு ஐ.இ.எல்.டி.எஸ். அல்லது ஓ.இ.டி. இவற்றைக் கடந்தால் நேரடியாக நர்ஸாகவே பதியலாம். இரண்டு வருடம் செலவழித்து நர்ஸை விடக் கீழே உள்ள படியில் போய் நிற்க வேண்டியதில்லை.

கல்வித் தகுதியாகப் பெரும்பாலான இடங்களில் ஆங்கிலத்திலும் கணக்கிலும் ஜி.சி.எஸ்.இ. எனப்படும் பள்ளித் தேர்வில் 4 அல்லது அதற்கு மேல், இல்லையென்றால் அதற்கு ஈடான ஃபங்ஷனல் ஸ்கில்ஸ் தேர்வில் லெவல் 2 கேட்பார்கள். இலங்கை ஓ.எல்., தமிழ்நாட்டுப் பத்தாம் வகுப்புச் சான்றிதழ்களை ஒப்பிட்டுப் பார்க்க, வெளிநாட்டுத் தகுதிகளை மதிப்பிடும் ஈனிக் அமைப்பின் ஒப்பீட்டுச் சான்று கேட்கும் இடங்கள் உண்டு. அந்தச் சான்று வந்தும் பல்கலைக்கழகம் ஏற்கலாம், மறுக்கலாம். ஆகவே மாதக்கணக்கில் கடிதப் போக்குவரத்து நடத்துவதைவிட ஃபங்ஷனல் ஸ்கில்ஸ் எழுதி முடிப்பது பல நேரம் சீக்கிரமான வழி. ஆங்கிலத்தில் வாசிப்பு, எழுத்து, பேச்சு என்று மூன்று பகுதிகள். கணக்கில் கால்குலேட்டர் இல்லாத பகுதி ஒன்று, கால்குலேட்டரோடு ஒன்று. கால்குலேட்டர் இல்லாத பகுதியை உண்மையாகவே கையால் போட்டுப் பழகுங்கள். பின்னால் மருந்துக் கணக்கு வரும்போது அந்தப் பழக்கம்தான் கைகொடுக்கும்.

இடம் பிடிப்பது

பல்கலைக்கழகத்தில் நேரடியாக விண்ணப்பித்து இதில் சேர முடியாது. முதலில் வேலை, பிறகுதான் இடம். ஏற்கனவே ஒரு ட்ரஸ்டில் (என்.எச்.எஸ். மருத்துவமனைகளை நடத்தும் அமைப்பு) வேலை செய்கிறீர்கள் என்றால், வார்டு மேனேஜரிடம் ஆண்டு மதிப்பீட்டுக் கூட்டத்திலேயே விருப்பத்தைச் சொல்லி, குறிப்பில் எழுத வையுங்கள். பல ட்ரஸ்டுகள் உள்ளே இருப்பவர்களுக்கே முதலில் அறிவிக்கின்றன, மேனேஜரின் ஒப்புதலும் கேட்கின்றன. வெளியிலிருந்து வருபவர்கள் என்.எச்.எஸ். ஜாப்ஸ் தளத்திலும் அரசின் அப்ரண்டிஸ்ஷிப் தேடல் தளத்திலும் 'ட்ரெய்னி நர்சிங் அசோசியேட்' என்று தேட வேண்டும். இந்த அறிவிப்புகள் ஒரு தொகுதிக்கு இத்தனை பேர் என்று வருபவை. சில நாட்களிலேயே மூடிவிடும். துணை ஆவணங்களைத் தயாராக வைத்திருங்கள்.

விண்ணப்பத்தில் 'நான் அன்பானவள், உழைப்பாளி' என்று எழுதினால் மதிப்பெண் வராது. அறிவிப்போடு இருக்கும் தகுதிப் பட்டியலை ஒவ்வொரு வரியாக எடுத்து, ஒவ்வொன்றுக்கும் நீங்கள் செய்த ஒரு செயலை எழுதுங்கள். என்ன நிலைமை, உங்கள் பொறுப்பு என்ன, நீங்கள் என்ன செய்தீர்கள், முடிவு என்ன. 'சாப்பிட மறுத்த டிமென்ஷியா நோயாளிக்கு உணவு அட்டவணை வைத்து, எந்த நேரத்தில் சாப்பிடுகிறார் என்று பார்த்து, நர்ஸிடம் சொல்லி டயட்டீஷியனுக்கு அனுப்ப வைத்தேன்' என்ற ஒரு வரி, பத்துப் பண்புப் பெயர்களைவிட உயர்ந்தது. 'நாங்கள்' என்று எழுதாமல் 'நான்' என்று எழுதுங்கள். நம்மவர்களுக்குத் தன்னைப் பற்றிச் சொல்லக் கூச்சம் அதிகம். ஆனால் தேர்வுக் குழு உங்கள் பங்கை மட்டுமே எடைபோட முடியும்.

நேர்காணலில் ஒரு சிறு கணக்குத் தேர்வும் எழுத்துத் தேர்வும் இருக்கலாம். கேள்விகள் பெரும்பாலும் மதிப்புகளைச் சுற்றி வரும். சக ஊழியர் தவறு செய்வதைப் பார்த்தால் என்ன செய்வீர்கள், ரகசியம் காக்கச் சொல்லும் நோயாளி தான் துன்புறுத்தப்படுவதாகச் சொன்னால் என்ன செய்வீர்கள் என்பது போல. 'யாரிடமும் சொல்ல மாட்டேன்' என்பது தவறான பதில். ஆபத்து இருந்தால் ரகசியத்துக்கு எல்லை உண்டு என்பதும், யாரிடம் தெரிவிப்பது என்பதும் தெரிந்திருக்க வேண்டும். அதன் பிறகு குற்றப் பின்னணி பார்க்கும் டி.பி.எஸ். விரிவான சோதனை, ஆக்குபேஷனல் ஹெல்த் எனப்படும் ஊழியர் உடல்நலப் பரிசோதனை, ஹெபடைடிஸ் பி, அம்மை வகைகள், காசநோய் தொடர்பான தடுப்பு விவரங்கள். பழைய வழக்கு, எச்சரிக்கை எதுவாக இருந்தாலும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். சிறிய குற்றம் பலருக்குத் தடையாவதில்லை, மறைத்தது தெரிந்தால் அதுவே தடையாகிவிடும்.

கையெழுத்துப் போடும் முன் கேட்க வேண்டியவை

இந்தப் பயிற்சிக்குக் குறைந்தது 2,300 மணி நேரம் என்று என்.எம்.சி. நிர்ணயித்திருக்கிறது. பாதி பாடம், பாதி செய்முறை. அதாவது 1,150 மணி நேரம் செய்முறை. வழக்கமாக இது இரண்டு ஆண்டுகளில் நடக்கும். வேலை செய்துகொண்டே படிக்கும் பாதையில் குறைந்தது 20 சதவீதம் பாதுகாக்கப்பட்ட பாட நேரம், குறைந்தது 20 சதவீதம் சொந்த வார்டுக்கு வெளியே வேறு இடங்களில் பயிற்சி என்பது விதி. 20 சதவீதம் என்றால் 460 மணி நேரம். வாரம் 37.5 மணி என்று வைத்தால் பன்னிரண்டு வாரத்துக்கும் கொஞ்சம் அதிகம். மிச்சப் பயிற்சி நேரமும் 'பாதுகாக்கப்பட்ட கற்றல் நேரம்' என்றே இருக்க வேண்டும்.

இந்த எண்களைக் கையில் வைத்துக்கொண்டு மேனேஜரிடம் இப்படிக் கேளுங்கள்: பல்கலைக்கழக நாள் வாரத்தில் எது, அது ரோட்டாவில் (ஷிப்ட் அட்டவணையில்) எப்படிக் காட்டப்படும்? வெளி இடப் பயிற்சிக்கு நான் போகும் வாரங்களில் என் இடத்தை யார் நிரப்புவார்கள்? சொந்த வார்டில் எனக்குக் கற்றல் நேரம் எந்த ஷிப்டில், எத்தனை மணி? ஆள் குறைந்தால் என்னைப் படிப்பு நாளிலிருந்து கூப்பிடுவீர்களா? கடைசிக் கேள்விக்கு 'அப்போது பார்த்துக்கொள்வோம்' என்று பதில் வந்தால், பொருள் 'கூப்பிடுவோம்' என்பதுதான். பயிற்சி ஒப்பந்தத்தில் இதை எழுதச் சொல்லுங்கள். முதல் வாரத்தில் கேட்பது எளிது. ஒன்பதாம் மாதத்தில் களைத்துப்போய்க் கேட்பது மிகக் கடினம்.

பணத்தைப் பற்றியும் ஒன்று. பயிற்சிக் கட்டணத்தை வேலை கொடுப்பவரும் அரசு நிதியும்தான் தாங்க வேண்டும். உங்களிடம் கேட்கக் கூடாது. படிப்பை முடித்த பிறகும் சரி, பாதியில் விட்டாலும் சரி, அந்தக் கட்டணத்தைத் திருப்பிக் கட்டச் சொல்ல விதி இடம் தராது. ஒப்பந்தத்தில் அப்படி ஒரு வரி இருந்தால் யூனியனிடம் காட்டாமல் கையெழுத்துப் போடாதீர்கள். யூனிசன், ஆர்.சி.என். என்ற இரண்டு யூனியன்களிலும் பயிற்சியில் இருப்பவர்கள் உறுப்பினராகலாம். போக்குவரத்துச் செலவு தனி விஷயம். வெளி இடப் பயிற்சிக்கு இரண்டு பஸ் மாறிப் போக வேண்டியிருந்தால் அந்தச் செலவைக் கோர முடியுமா என்று முன்பே கேளுங்கள்.

மூன்று பேர், ஒரு ஆவணம்

உங்கள் முன்னேற்றத்தை மூன்று வகையினர் பார்ப்பார்கள். பிராக்டிஸ் சூப்பர்வைசர் அன்றாடம் கற்றுக்கொடுத்துக் குறிப்பு எழுதுபவர். பிராக்டிஸ் அசெசர் அந்தக் குறிப்புகளையும் தன் கவனிப்பையும் வைத்துத் தேர்ச்சி முடிவு சொல்பவர், பதிவுபெற்ற நர்ஸோ நர்சிங் அசோசியேட்டோ ஆக இருப்பார். அகடமிக் அசெசர் பல்கலைக்கழகத்தின் ஆள். எல்லாம் பதிவாகும் இடம் பி.ஏ.டி. எனப்படும் செய்முறை மதிப்பீட்டு ஆவணம். இப்போது பல இடங்களில் மின்னணு வடிவில் இருக்கிறது.

பி.ஏ.டி.யில் தவறுவது பெரும்பாலும் ஒரே மாதிரிதான். தொடக்க நேர்காணலை முதல் வாரத்தில் செய்யாமல் விடுவது. நடுப்பகுதி நேர்காணல் தேதி நழுவுவது. கையெழுத்துகளையெல்லாம் கடைசி வாரத்துக்குச் சேர்ப்பது. அந்த வாரத்தில் அசெசர் விடுப்பில் போயிருப்பார், அல்லது வேறு வேலைக்கு மாறியிருப்பார். இதற்கு ஒரு வழி உண்டு. பயிற்சி இடம் தொடங்கும் நாளிலேயே தொடக்கம், நடு, இறுதி என மூன்று நேர்காணல் தேதிகளையும் அசெசரின் ரோட்டாவைப் பார்த்து முடிவு செய்து எழுதிவிடுங்கள். ஒவ்வொரு ஷிப்ட் முடியும்போதும் அன்றைய மணி நேரத்துக்குக் கையெழுத்து வாங்குங்கள். 12 மணி நேர ஷிப்டில் இடைவேளை பெரும்பாலும் கணக்கில் சேராது. நீங்கள் 12 என்று எழுதி, பல்கலைக்கழகம் 11.5 என்று எண்ணினால் ஆண்டு இறுதியில் ஒரு வாரமே குறையலாம். காய்ச்சலில் விட்ட நாட்களும் அப்படித்தான். சம்பளம் வந்திருக்கும், பயிற்சி மணி வந்திருக்காது. அதைப் பின்னர் ஈடுகட்டியே ஆக வேண்டும்.

ஷிப்ட் தொடங்கும்போது சூப்பர்வைசரிடம் ஒரு திறனைப் பெயர் சொல்லிக் கேளுங்கள். 'இன்று கற்றுக்கொடுங்கள்' என்றால் யாருக்கும் நேரமில்லை. 'இன்று காலை பே 3இல் இன்சுலின் ஊசியை உங்கள் மேற்பார்வையில் நான் போடலாமா, பிறகு அந்தத் திறனுக்குக் கையெழுத்து வேண்டும்' என்றால் பெரும்பாலும் நடக்கும்.

வார்டில் நீங்கள் பழைய முகம் என்பதுதான் இந்தப் பாதையின் பெரிய சிக்கல். நேற்றுவரை குளிப்பாட்டி, படுக்கை மாற்றிக்கொண்டிருந்தவரை இன்று மாணவராகப் பார்க்க மற்றவர்களுக்குப் பழக வேண்டும். உங்களுக்கும்தான். சீருடை மாறியவுடனே பழைய வேலைகள் மறைந்துவிடாது. அந்த அடிப்படைப் பராமரிப்பும் பயிற்சியின் பாகம். ஆனால் கற்றல் நேரம் என்று குறித்த மணிகளில் உங்களைத் தொடர்ந்து அசிஸ்டென்ட் எண்ணிக்கையில் வைத்தால் தேதி, ஷிப்ட், நடந்தது என மூன்றையும் குறித்துக்கொள்ளுங்கள். முதலில் மேனேஜரிடமும், பிறகு ட்ரஸ்டின் கல்வி ஒருங்கிணைப்பாளரிடமும், அகடமிக் அசெசரிடமும் அதைக் கொண்டு போங்கள். தேதிகளோடு வரும் குறிப்பு புகாராகத் தெரியாது, ஆதாரமாகத் தெரியும். இதைக் கேட்பது உங்கள் உரிமை. நன்றிகெட்டதனம் என்று யாரும் நினைக்க இடமில்லை.

மருந்துக் கணக்கு: 100க்கு 100

என்.எம்.சி. விதிப்படி மருந்துக் கணக்குத் தேர்வில் நூறு சதவீதம் எடுத்தால்தான் தேர்ச்சி. ஒரு கேள்வி தவறினாலும் மறுபடி எழுத வேண்டும். கடுமையாகத் தோன்றலாம். ஒரு பூஜ்யம் இடம் மாறினால் நோயாளிக்குப் பத்து மடங்கு மருந்து போகும் என்பதை நினைத்தால் அந்த விதியின் நியாயம் புரியும்.

அடிப்படைச் சூத்திரம் ஒன்றுதான். வேண்டிய அளவை, கையில் இருக்கும் அளவால் வகுத்து, அது கரைந்திருக்கும் மில்லிலிட்டரால் பெருக்கவும். பாராசிட்டமால் 1 கிராம் கொடுக்க வேண்டும், பாட்டிலில் 5 மில்லிலிட்டருக்கு 250 மில்லிகிராம். 1 கிராம் என்பது 1,000 மில்லிகிராம். 1,000 ÷ 250 = 4, அதை 5ஆல் பெருக்கினால் 20 மில்லிலிட்டர். வாய்வழி மார்ஃபின் 5 மில்லிகிராம், பாட்டிலில் 5 மில்லிலிட்டருக்கு 10 மில்லிகிராம் என்றால் 2.5 மில்லிலிட்டர்.

தவறு பெரும்பாலும் சூத்திரத்தில் வருவதில்லை, அலகில் வருகிறது. 0.1 மில்லிகிராம் லெவோதைராக்சின் என்றால் 100 மைக்ரோகிராம். 25 மைக்ரோகிராம் மாத்திரை நான்கு. மைக்ரோகிராம் என்பதை எப்போதும் முழுதாக எழுதுங்கள். சுருக்கி எழுதினால் மில்லிகிராம் என்று படிக்கப்படும் அபாயம் உண்டு. முதலில் எல்லாவற்றையும் ஒரே அலகுக்கு மாற்றுங்கள், பிறகு கணக்குப் போடுங்கள், கடைசியில் விடை நம்பக்கூடியதா என்று பாருங்கள். எட்டு மாத்திரை, பத்து மாத்திரை என்று விடை வந்தால் நின்று மறுபடி பாருங்கள். தினமும் ஐந்து கணக்கு என்று மூன்று மாதம் போட்டால் போதும். தேர்வுக்கு முந்தைய இரவில் ஐம்பது போட்டுப் பயனில்லை.

நியூஸ்2 அட்டவணை

நியூஸ்2 என்பது நோயாளி மோசமாகிறாரா என்பதை மதிப்பெண்ணால் காட்டும் அட்டவணை. நாடி, வெப்பம் போன்ற கவனிப்பு எடுப்பது உங்களுக்குப் பழக்கமாகவே இருக்கும். இப்போது அதன் பொருளையும் சொல்லத் தெரிய வேண்டும். சுவாச எண்ணிக்கை, ஆக்சிஜன் அளவு, சிஸ்டாலிக் ரத்த அழுத்தம், நாடி, உணர்வு நிலை, உடல் வெப்பம் ஆகிய ஆறுக்கும் மதிப்பெண் உண்டு. கூடுதல் ஆக்சிஜன் கொடுத்தால் இன்னும் 2 சேரும். மொத்தம் 5 வந்தால் அவசர மதிப்பீடு, 7 அல்லது அதற்கு மேல் என்றால் மிக அவசரம். ஒரே அளவீட்டில் 3 வந்தாலும் உடனே நர்ஸிடம் சொல்ல வேண்டும்.

மிகப் பரவலான தவறு சுவாசத்தை எண்ணாமல் 16 என்றோ 18 என்றோ எழுதிவிடுவது. நோயாளி மோசமாகிறார் என்பதை முதலில் காட்டுவது பல நேரம் சுவாசம்தான். நிமிடத்துக்கு 12 முதல் 20 வரை மதிப்பெண் பூஜ்யம், 21 முதல் 24 வரை 2, 25 ஆனால் 3. உண்மையில் 26 இருக்கும் ஒருவருக்கு 18 என்று எழுதினால் எச்சரிக்கையே எழாது. ஒரு நிமிடம் முழுதும் எண்ணுங்கள், நாடி பார்ப்பது போல மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டே எண்ணினால் நோயாளி மூச்சை மாற்றமாட்டார். இன்னொன்று, புதிதாக வந்த குழப்பத்துக்கும் 3 மதிப்பெண். 'வயதானவர், அப்படித்தான் பேசுவார்' என்று விட்டுவிடாதீர்கள். நேற்று எப்படி இருந்தார் என்று குடும்பத்தாரைக் கேளுங்கள்.

தமிழ் பேசும் நோயாளி வந்தால் மொழிபெயர்க்க உங்களைக் கூப்பிடுவார்கள். தண்ணீர் வேண்டுமா, வலி எங்கே என்று கேட்டு ஆறுதல் சொல்லுங்கள், அது அவர்களுக்குப் பெரிய நிம்மதி. ஆனால் அறுவை சிகிச்சைக்கு ஒப்புதல், நோய் பற்றிய கெட்ட செய்தி போன்றவற்றுக்குத் தொழில்முறை மொழிபெயர்ப்பாளரை அழைக்கச் சொல்லுங்கள். நீங்கள் ஒரு சொல்லைத் தவறாகச் சொன்னால், அந்தத் தவறின் மேல் ஒரு ஒப்புதல் நின்றுவிடும்.

வெளி இடப் பயிற்சியும் எழுத்து வேலையும்

நர்சிங் அசோசியேட் எல்லா வயதினருக்கும், நான்கு துறைகளுக்கும் பொதுவான பதவி. பெரியவர்கள், குழந்தைகள், மனநலம், கற்றல் குறைபாடு என எல்லாவற்றிலும் அனுபவம் வேண்டும். மனநல வார்டில் முதல் சில நாட்கள் 'ஒன்றுமே செய்யவில்லையே' என்று தோன்றும். அங்கே உட்கார்ந்து பேசுவதும் கவனிப்பதும்தான் வேலை. போகும் முன் பி.ஏ.டி.யில் இன்னும் கையெழுத்தாகாத திறன்களைப் பட்டியலிட்டுக்கொண்டு போங்கள். உங்கள் சொந்த வார்டில் கிடைக்காதவற்றை அங்கே கேட்டு வாங்கலாம்.

கட்டுரைகளில் இடறுவது ஆங்கிலத்தால் மட்டுமல்ல. மேற்கோள் முறை புரியாமல், படித்ததை அப்படியே எடுத்து எழுதி, கருத்துத் திருட்டு விசாரணையில் மாட்டுபவர்கள் உண்டு. அனுபவக் குறிப்புகளில் நோயாளியின் பெயர், வார்டு, ட்ரஸ்ட் எதையும் எழுதக் கூடாது. எழுதினால் நல்ல கட்டுரைகூடத் தோற்கலாம். பல்கலைக்கழக நூலகத்தின் எழுத்துப் பயிற்சி மையத்தில் முதல் கட்டுரைக்கு முன்பே நேரம் வாங்குங்கள். படிப்பு நாளில் பேங்க் ஷிப்ட் (கூடுதல் பணத்துக்கான தற்காலிக ஷிப்ட்) எடுக்காதீர்கள். கையில் வரும் பணம் உடனே தெரியும், இழந்த நாள் மூன்று மாதம் கழித்துத்தான் தெரியும்.

முடித்த பிறகு

பல்கலைக்கழகம் உங்கள் நன்னடத்தை, உடல்நலம் பற்றிய உறுதியோடு விவரங்களை என்.எம்.சி.க்கு அனுப்பும். அதன்பின் நீங்கள் விண்ணப்பித்துக் கட்டணம் கட்ட வேண்டும். 'பின்' எனப்படும் என்.எம்.சி. பதிவு எண் வரும் வரை நீங்கள் நர்சிங் அசோசியேட் அல்ல. பழைய பொறுப்பிலேயே இருக்க வேண்டும், யார் அவசரப்படுத்தினாலும் அந்தப் பட்டத்தில் கையெழுத்துப் போடக் கூடாது. அதன்பின் மூன்று ஆண்டுக்கு ஒருமுறை ரீவேலிடேஷன் எனப்படும் பதிவுப் புதுப்பிப்பு: 450 மணி நேர வேலை, 35 மணி நேரத் தொடர் கல்வி, அதில் 20 மற்றவர்களோடு சேர்ந்து கற்றது, ஐந்து பின்னூட்டங்கள், ஐந்து எழுத்துக் குறிப்புகள்.

நர்ஸாக மேலே போக விரும்பினால் இந்தப் படிப்பின் பெரும்பகுதியைக் கணக்கில் எடுத்துக்கொண்டு டிகிரி அப்ரண்டிஸ்ஷிப்பில் சேர வழி இருக்கிறது. அங்கே நீங்கள் குழந்தைகள், மனநலம் என்று ஒரு துறையைத் தேர்ந்தெடுக்க வேண்டும். முந்தைய கற்றலை ஏற்க, எதைப் படித்தீர்கள், எத்தனை மணி எங்கே பயிற்சி செய்தீர்கள் என்பதற்கு ஆதாரம் கேட்பார்கள். மதிப்பெண் பட்டியல், ஒவ்வொரு பாடத்தின் விவரக் கையேடு, முழு பி.ஏ.டி., மணி நேரப் பதிவு எல்லாவற்றையும் உங்கள் சொந்த மின்னஞ்சலுக்கோ கணினிக்கோ இறக்கிவைத்துக்கொள்ளுங்கள். படிப்பு முடிந்து சில மாதங்களில் மாணவர் கணக்கு மூடப்படும், மின்னணு பி.ஏ.டி.யும் அதோடு போய்விடும்.